தொழிற்சாலை ஊழியர்களை நன்றாகச் சாப்பிடவும் கொஞ்சம் நடக்கவும் வைக்க என்ன செய்யலாம்?

கேட்டவர் 300 பேர் வேலை செய்யும் இடத்தில் மனிதவளப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கிறார். நிர்வாகம் ஆரோக்கியத் திட்டம் ஒன்று போடச் சொல்கிறதாம். நடைப் போட்டி வைக்கலாமா, டயட்டீஷியனை அழைத்துப் பேச வைக்கலாமா என்பது அவர் கேள்வி.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் இதே வேலையைப் பார்த்தவன் நான். நீங்கள் சொன்ன இரண்டையும் செய்து பார்த்தோம். இரண்டும் ஊற்றிக்கொண்டன.

நடைப் போட்டியில் முதல் வாரம் எல்லோருக்கும் உற்சாகம். இரண்டாவது வாரம் முதலிடத்தில் இருந்தவர் கணக்குப் பிரிவுக்காரர், சாப்பாட்டு மணி அடித்தால் தவிர நாற்காலியை விட்டு எழாத மனிதர். விசாரித்ததில், காலையில் வந்ததும், நடக்கும் அடிகளை எண்ணும் தன் போனை மெட்டீரியல் டிராலி தள்ளும் பையனின் சட்டைப்பையில் போட்டு அனுப்பிவிடுகிறார் என்று தெரிந்தது. பரிசு பிரஷர் குக்கர், அதற்காக அந்தப் பாடு. எல்லோரும் சிரித்தோம். அப்புறம்தான் எனக்கு உறைத்தது: நாள் முழுக்க உண்மையாகவே நடந்துகொண்டிருந்த அந்தப் பையன் போட்டியிலேயே இல்லை. ஒப்பந்தத் தொழிலாளி என்பதால் அவன் பெயரைச் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை.

உங்கள் இடத்திலும் இரண்டு வகை மனிதர்கள் இருப்பார்கள்: உட்கார்ந்தே இருப்பவர்கள், நின்றே இருப்பவர்கள். இருவருக்கும் ஒரே திட்டம் போட்டால் ஒருவருக்குக்கூட உதவாது.

உட்காருபவர்களைப் பற்றி லண்டன் பஸ்களில் நடந்த பழைய ஆராய்ச்சி ஒன்று உண்டு. ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் 1953-ல் வெளியிட்டது. மாடி பஸ்ஸில் ஓட்டுநர் நாள் முழுக்க இருக்கையில் இருப்பார், கண்டக்டர் டிக்கெட் கொடுக்கப் பல நூறு படிகள் ஏறி இறங்குவார். கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. பிறகு அவரும் கூட்டாளிகளும் சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்தார்கள். ஓட்டுநர்களின் பேண்ட் இடுப்பளவு பெரிது. வேலையில் சேரும்போதே அவர்கள் கொஞ்சம் பருமனோ என்ற சந்தேகமும் அதில் வந்தது, அது வேறு கதை. எனக்குப் பிடித்தது என்னவென்றால், அந்தக் கண்டக்டர்களை யாரும் உடற்பயிற்சி செய்யச் சொல்லவில்லை. வேலையிலேயே படி இருந்தது, ஏறினார்கள்.

அதைப் பார்த்து நாங்கள் செய்தது இவ்வளவுதான். அலுவலக மாடியில் இருந்த டீ பிளாஸ்கைக் கீழே கேன்டீனுக்கு மாற்றினோம். பிரிண்டரை ஒரு கோடிக்குத் தள்ளினோம். அரை மணி நேரமாக இருந்த அலுவலக உணவு இடைவேளையை முக்கால் மணி ஆக்கினோம். சாப்பிட்டுவிட்டு கேட் வரை ஒரு நடை போய்வர அந்தக் கால் மணி நேரம் போதும். வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐந்தாறு நாள் அந்தக் கால் மணி நேரத்தைச் சுறுசுறுப்பாக நடந்தாலே பாதி வந்துவிடும். ஒரு மாதம் திட்டு வாங்கினேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

உற்பத்தி லைனில் எட்டு மணி நேரம் நிற்பவரிடம் போய் "சூம்பா ஆடுங்கள்" என்றால் அடிக்க வருவார், நியாயம்தான். கால் வீங்கி, நரம்பு சுருண்டு கிடப்பவருக்குத் தேவை ஒரு ஸ்டூல். நின்று வேலை செய்பவர்கள் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார ஏற்பாடு வேண்டும் என்று 1948-ன் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் தனியாகச் சட்டத் திருத்தம் வந்தது. எங்கள் லைனில் ஸ்டூல் போட்டபோது சூப்பர்வைசர்கள் முகம் சுளித்தார்கள். உட்கார்ந்தால் சோம்பேறி ஆகிவிடுவார்களாம். அவர்கள் கேபினில் குஷன் நாற்காலி.

எடைக் குறைப்புப் போட்டி மட்டும் தயவுசெய்து வைக்காதீர்கள். நாங்கள் வைத்தோம். சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடும் ஒருவர், எடை பார்க்கும் நாளுக்கு முன் இரண்டு வேளை பட்டினி கிடந்து, மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். பிரஸ் மெஷினுக்கு நாலடி தள்ளித் தலைசுற்றி விழுந்தார். நாலடி தள்ளி விழுந்ததால்தான் இன்று சாதாரணமாக எழுதுகிறேன். யாருக்கு என்ன நோய், என்ன மாத்திரை என்று தெரியாமல் சாப்பாட்டில் போட்டி வைத்தது என் தப்பு.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். டயட்டீஷியன் அம்மா நன்றாகத்தான் பேசினார். சிறுதானியம், ஓட்ஸ், ஆலிவ் எண்ணெய் எல்லாம் படம் போட்டுக் காட்டினார். கூட்டம் முடிந்ததும் வாசலில் எல்லோருக்கும் ஒரு சமோசாவும் டீயும் கொடுத்தோம். அந்த டீயைக் குடிக்கும்போதுதான் யோசித்தேன். கேன்டீனில் டீ மாஸ்டர் சர்க்கரையைக் கொதிக்கும் பாத்திரத்திலேயே கொட்டிவிடுவார். வேண்டாம் என்பவருக்கும் அதே டீதான். கிளாஸுக்கு இரண்டு ஸ்பூன், சுமார் 10 கிராம். கம்பெனி டீ இரண்டு, வெளியே கடையில் இரண்டு என்றால் 40 கிராம். ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இதில் ஓட்ஸ் பற்றிப் பேசி என்ன ஆகப் போகிறது?

சர்க்கரையைத் தனியாக வைக்கச் சொன்னேன். "வரிசை நிற்கும் சார், பத்து நிமிஷத்தில் 300 கிளாஸ் போகணும்" என்றார் மாஸ்டர். அவர் சொன்னதும் உண்மை. கடைசியில் இரண்டு டிரம். ஒன்றில் அரைச் சர்க்கரை, இன்னொன்றில் இல்லவே இல்லை, பக்கத்தில் சர்க்கரை டப்பாவும் ஒரு சின்ன ஸ்பூனும். சின்ன ஸ்பூன் முக்கியம், பெரியது வைத்தால் பழைய கதைதான்.

மதியச் சாப்பாட்டில் சோறு அளவில்லாமல், பொரியல் ஒரு சின்னக் கரண்டி. காய்தான் விலை, அதனால் காண்ட்ராக்டர் அப்படித்தான் வைப்பார். ஒரு சாப்பாட்டுக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் போட்டுவிட்டு ஊழியரிடம் "காய்கறி நிறையச் சாப்பிடுங்கள்" என்று போஸ்டர் ஒட்டுவது வெட்கக்கேடு. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது பொரியல், கூட்டு இரண்டும், இரண்டாம் முறை கேட்டாலும் உண்டு என்று எழுதி வாங்கினோம். சாப்பாட்டுக்குச் சில ரூபாய் கூடியது. நிதிப் பிரிவோடு மூன்று மாதச் சண்டை. நான்கு மணி பஜ்ஜிக்குப் பதில் வாரத்தில் மூன்று நாள் சுண்டல். ஆயுத பூஜைக்குப் பொரி கடலை தின்னும் ஊர்தானே, சுண்டலுக்கு யாரும் கோபிக்கவில்லை. பஜ்ஜியை முழுதாக நிறுத்தியிருந்தால் கேன்டீனைக் கொளுத்தியிருப்பார்கள். அப்பளமும் ஊறுகாயும் இன்னும் ஓடுகின்றன, அதில் நான் தோற்றேன்.

இதையெல்லாம் தனி ஆளாகச் செய்யாதீர்கள். 250 பேருக்கு மேல் இருந்தால் கேன்டீன் வேண்டும் என்று சொன்ன அதே தொழிற்சாலைகள் சட்டம், அதை நடத்தும் குழுவில் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கும் இடம் தந்தது. எங்கள் குழு காகிதத்தில் மட்டும் இருந்தது. அதை உயிர்ப்பித்து, பெண்களையும் சேர்த்தபோதுதான் எனக்குத் தெரியாத இரண்டு விஷயங்கள் வெளியே வந்தன.

முதலாவது, முதல் ஷிஃப்ட் பெண்களில் பலர் காலையில் ஒன்றும் சாப்பிடுவதில்லை. ஐந்து மணிக்கெல்லாம் ஊரில் கம்பெனி பஸ் வந்துவிடும். அதற்கு முன் எழுந்து வீட்டுக்குச் சமைத்து வைத்துவிட்டு வெறும் வயிற்றில் ஏறுகிறார்கள். எங்கள் காலை டிபன் இடைவேளை எட்டரைக்கு. அதை ஏழே முக்காலுக்கு நகர்த்தினோம், ஒரு பைசா செலவில்லை.

இரண்டாவதை ஒரு அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னார். "தண்ணி குடிங்கன்னு பாட்டில் குடுத்தீங்க சார். குடிச்சா பாத்ரூம் போகணும். போனா லைன்ல டோக்கன் வாங்கணும், ஆம்பள சூப்பர்வைசர்கிட்ட. அதான் குடிக்கிறதில்ல." கம்பெனி முத்திரை போட்ட 300 பாட்டில்கள் வாங்கியதற்கு நான் நிர்வாகத்திடம் பாராட்டு வாங்கியிருந்தேன். டோக்கன் முறையை எடுக்க எட்டு மாதம் ஆனது. என் ஒன்பது வருடத்தில் செய்த உருப்படியான ஆரோக்கியத் திட்டம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். ஆண்டறிக்கையில் அது வரவில்லை, பாட்டில் படம் வந்தது.

பரிசோதனை முகாம் பற்றி ஒரு வார்த்தை. வேலையிடத்துக்கே வந்து ரத்த அழுத்தம், சர்க்கரை பார்க்கும் தொழிலாளரைத் தேடி மருத்துவம் திட்டத்தைத் தமிழக அரசு 2024-ல் தொடங்கியது, விசாரித்துப் பாருங்கள். முடிவுகள் அவரவர் கையில் மட்டும் போக வேண்டும். எங்களிடம் ஒருமுறை முழுப் பட்டியலும் சூப்பர்வைசர் வாட்ஸ்அப் குழுவில் போய்விட்டது. அடுத்த வருட முகாமுக்குப் பாதிப் பேர் வரவில்லை.

டயட்டீஷியனைக் கட்டாயம் கூப்பிடுங்கள். ஆனால் மேடைக்கு வேண்டாம், நேராகச் சமையலறைக்குக் கூட்டிப்போய் காண்ட்ராக்டரோடு உட்கார வையுங்கள். ஸ்டோர்ஸ் கணக்கையும் காட்டுங்கள். எங்களிடம் மாதம் மூன்று மூட்டைக்கு மேல் போன சர்க்கரை, இரண்டு டிரம் வந்த ஆறு மாதத்தில் இரண்டு மூட்டைக்கு இறங்கியது. ஸ்டோர்ஸ்காரர் திருட்டு நின்றுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாராம்.