பனி அளக்கும் பலகையில் 5 அங்குலப் பனி, மழைமானியில் 0.12 அங்குலத் தண்ணீர்: எதை அனுப்புவது?

மானியின் 0.12-ஐ விட்டுவிடுங்கள். பலகைப் பனியை உருக்கி வரும் அளவையே கோகோராஸுக்கு (தன்னார்வலர்கள் மழை, பனி அளவுகளை அனுப்பும் அமைப்பு, CoCoRaHS) அனுப்புங்கள்.

காரணம் பெரும்பாலும் காற்றுதான். மானியின் வாயருகே சுழன்று, லேசான பனியை வெளியே தள்ளிவிடும். குளிர்காலத்துக்குப் புனலையும் உள்குழாயையும் கழற்றியிருக்கிறீர்கள் அல்லவா?

மானியின் வெளி உருளையைக் கவிழ்த்து, பலகையைத் தொடும்வரை பனிக்குள் அழுத்துங்கள். அடியில் தகடு செருகி (தோசைத் திருப்பியே போதும்) நிமிர்த்துங்கள். உள்குழாயில் அளந்த வெதுவெதுப்பான நீரை உருளையில் ஊற்றிப் பனியை உருக்கி, மொத்தத்தை அளந்து, ஊற்றியதைக் கழியுங்கள். கழிக்க மறந்து நானே ஒருமுறை அரை அங்குலம் கூட்டி அனுப்பிவிட்டேன்!

ஆனால் பலகையில் பனி ஒரு பக்கமாகக் குவிந்திருந்தால் இதுவும் ஏமாற்றும். அப்போது காற்று படாத வேறு இடத்தில் எடுங்கள். 5-ஐப் பத்தால் வகுத்து, அதுதான் தண்ணீர் அளவு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அது வெறும் குத்துமதிப்பு.