விமான அலைகளைப் பிடித்தல்: குமரி மாவட்ட வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

நாகர்கோவில் வாசகர்: மாடியில் ஆன்டெனா வைத்து, விமானங்கள் 1090 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும் இருப்பிடத் தகவலைப் பிடிக்கிறேன். கொழும்பு அருகே உயரத்தில் பறக்கும் விமானம் தெரிகிறது. திருவனந்தபுரத்தில் இறங்குவதோ பாதியில் மறைகிறது. கருவியில் கோளாறா ஐயா?

பதில்: கோளாறு இல்லை. இவ்வலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை என்பதால், பூமியின் வளைவோ மலையோ குறுக்கிட்டால் நின்றுவிடும். விமானம், ஆன்டெனா இரண்டின் உயரத்தையும் மீட்டரில் எடுத்து, அவற்றின் வர்க்கமூலங்களைக் கூட்டி 4.12-ஆல் பெருக்கினால், எட்டக்கூடிய தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். 35,000 அடியில், அதாவது சுமார் 10,670 மீட்டரில் பறக்கும் விமானமும் 10 மீட்டர் உயர ஆன்டெனாவும் என்றால் விடை சுமார் 438. கொழும்பு விமான நிலையம் உங்களிடமிருந்து 300 கிலோமீட்டருக்குள்தான். இடையில் பெரும்பகுதி திறந்த கடல். இறங்கும் விமானம் 300 மீட்டரில் இருக்கும்போதும் கணக்கு 84 கிலோமீட்டர் தருகிறது, திருவனந்தபுரமோ அதைவிட அருகில். ஆனால் அத்திசையில் வேளிமலை நிற்கிறது. எந்த ஆன்டெனாவும் அதை ஊடுருவாது.

ஆரல்வாய்மொழி வாசகர்: கருவியை மலைமேல் கொண்டுபோனால் அதிகம் கிடைக்குமா?

பதில்: எந்த விமானம் என்பதைப் பொறுத்தது. 400 மீட்டர் உயரத்தில் வைத்தால், 35,000 அடி விமானத்துக்கு 438 என்பது 508 ஆகும், அவ்வளவுதான். 300 மீட்டரில் தாழப் பறக்கும் விமானத்துக்கோ 84 என்பது 154 ஆகிவிடும். மலையேறும் சிரமத்துக்கு உண்மையான பலன் அதில்தான். உச்சியில் செல்போன் கோபுரம் இருந்தால், அதன் 900 மெகாஹெர்ட்ஸ் அலை கருவியைத் திணறடிக்கும். அந்த அலையைத் தடுக்கும் ஃபில்டர் இல்லாமல் போகாதீர்கள்.

தக்கலை மாணவர்: விமானியின் பேச்சு கேட்கிறது, அவருக்குப் பதில் சொல்லும் கட்டுப்பாட்டு அறையின் குரல் கேட்கவில்லையே?

பதில்: விமானி மேலே இருக்கிறார், கட்டுப்பாட்டு அறையின் ஆன்டெனாவோ தரையில் இருக்கிறது. உங்களுக்கும் அதற்கும் இடையே நிலம் மறைக்கிறது.

மார்த்தாண்டம் வாசகர்: கேபிள் எதைப் போடலாம்?

பதில்: டிடிஎச் டிஷ்ஷுக்குப் போடும் ஆர்ஜி-6 போதும், 10 மீட்டரில் இழப்பு ஏறத்தாழ 2 டெசிபெல்தான். மெல்லிய ஆர்ஜி-58-இல் அது இரண்டு மடங்குக்கும் மேல். கேபிளைவிட முக்கியம், ஆன்டெனா தென்னந்தலைகளுக்கு மேலே நிற்பது: மழையில் நனைந்த ஓலை இவ்வலையை நன்றாக உறிஞ்சும். இணைப்புகளை நீர் புகாத டேப்பால் இறுக்கிச் சுற்றுங்கள். உப்புக்காற்று செம்பை விரைவில் அரித்துவிடும்.

குளச்சல் வாசகர்: கோடையில் சில இரவுகளில் இலங்கை எஃப்எம் நிலையங்கள் தெளிவாகக் கேட்கின்றன. அப்போது விமானங்களும் கூடுதல் தொலைவில் கிடைக்குமா?

பதில்: பெரும்பாலும் இல்லை. கடல்மேல் ஈரமான காற்றின்மீது வறண்ட, வெதுவெதுப்பான காற்று படியும்போது, அலைகள் அந்த அடுக்குக்குள் சிக்கி வெகுதூரம் போகின்றன. அந்த அடுக்கு பெரும்பாலும் சில நூறு மீட்டர் உயரத்துக்குள்ளேயே முடிந்துவிடும். நிலையத்தின் கோபுரமும் உங்கள் ஆன்டெனாவும் அதற்குள் இருக்கின்றன. 35,000 அடி விமானம் அதற்கு வெகு மேலே செல்கிறது.