சிங்கப்பூரில் ஹோட்டல், கோலாலம்பூரில் வீடு: ஆறு பேர் குடும்பத்தின் தங்கும் செலவுக் கணக்கு

கேள்வி: நான் தஞ்சாவூரில் வசிக்கிறேன். மே மாத விடுமுறையில் அப்பா (68), அம்மா (63), மனைவி, 14 வயது மகள், 9 வயது மகன் என ஆறு பேரும் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போய் 4 இரவு, அங்கிருந்து பஸ்ஸில் கோலாலம்பூர் போய் 3 இரவு தங்கிவிட்டுத் திரும்புவதாகத் திட்டம். தங்கும் செலவுக்கு மட்டும் ஒன்றரை லட்சம் ஒதுக்கியிருக்கிறேன். ஹோட்டல் விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. நண்பர் ஒருவர் மூலம் சிங்கப்பூரில் மூன்று படுக்கையறை வீடு ஓர் இரவுக்கு 180 சிங்கப்பூர் டாலருக்குக் கிடைக்கிறது. முழுப் பணத்தையும் முன்பே அனுப்பிவிட வேண்டும், வருகைப் படிவத்தில் ஏதாவது ஒரு ஹோட்டல் முகவரியைப் போட்டுக்கொள்ளுங்கள் என்கிறார் வீட்டுக்காரர். வீடு எடுத்துச் சமைத்துக்கொண்டால் சாப்பாட்டுச் செலவும் குறையும், அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதால் அதுவே வசதி என்று நினைக்கிறோம். வீடா, ஹோட்டலா? எது லாபம்?

பதில்: முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த வீட்டுக்காரருக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். உங்கள் கேள்விக்கு ஊருக்கு ஊர் பதில் மாறும். சிங்கப்பூரில் ஹோட்டல்தான், வேறு வழியில்லை. கோலாலம்பூரில் வீடு எடுத்தால் உங்களுக்கு நல்ல மிச்சம்.

சிங்கப்பூரில் தனியார் குடியிருப்பு எதையும் தொடர்ந்து மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடக் கூடாது. 2017 ஜூன் மாதத்துக்கு முன்பு அது ஆறு மாதமாகவே இருந்தது. அங்கே பெரும்பாலான மக்கள் வசிக்கும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி வீடுகளுக்கு விதி இன்னும் கடுமை: குறைந்தது ஆறு மாதம், சுற்றுலாப் பயணிகளுக்கு விடவே கூடாது. 2018இல் இரண்டு பேர் தங்கள் பொறுப்பில் இருந்த வீடுகளை இப்படிச் சில நாள் வாடகைக்கு விட்டதற்காக ஆளுக்கு 60,000 டாலர் அபராதம் கட்டினார்கள். சட்டத்தில் உச்ச அபராதம் 2 லட்சம் டாலர். ‘சர்வீஸ் அப்பார்ட்மென்ட்’ என்று உரிமத்தோடு நடப்பவை உண்டு, ஆனால் அவற்றில் குறைந்தது ஏழு இரவு தங்க வேண்டும். நான்கு இரவுக்கு உங்களுக்கு அது பொருந்தாது.

அபராதம் வீட்டை விடுபவருக்குத்தானே, நமக்கு என்ன என்று தோன்றலாம். சட்டம் குறிவைப்பது அவரைத்தான், சரி. ஆனால் அந்த அபராதத்தின் பயம் உங்கள் பயணத்தில்தான் வந்து இறங்கும். பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்தாலோ, வீட்டுக்காரருக்கே கடைசி நேரத்தில் கை நடுங்கினாலோ, பெட்டி படுக்கையோடும் வயதான பெற்றோரோடும் அதே நாளில் ஆறு பேருக்கு அறை தேட வேண்டும். அன்றைக்கு என்ன விலையோ அதுதான். முன்பே அனுப்பிய பணத்தைத் திருப்பிக் கேட்கவும் வழி இருக்காது, ஏனென்றால் நீங்கள் செய்துகொண்ட ஒப்பந்தமே அங்கே செல்லாது. நேரில் பார்க்காத வீட்டுக்கு முழுப் பணமும் முன்கூட்டியே கேட்கிறார் என்பதும் எனக்கு உறுத்துகிறது. அப்படி ஒரு வீடே இல்லாமலும் போகலாம்.

இதைவிட எனக்குக் கவலை தருவது அந்த முகவரி விஷயம். சிங்கப்பூருக்குள் நுழையும்முன் ஆன்லைனில் நிரப்பும் வருகைப் படிவத்தில் எங்கே தங்குகிறீர்கள் என்ற கேள்வி உண்டு. அதில் பொய்யான தகவல் தருவது குற்றம். அதில் மாட்டுபவர் வீட்டுக்காரர் இல்லை, நீங்கள். உங்கள் அம்மா அப்பா பெயரிலும் படிவம் போகும். வீட்டுக்காரரே பொய் முகவரி போடச் சொல்கிறார் என்றால் தான் செய்வது சட்டத்துக்குப் புறம்பானது என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. உறவினர் வீட்டில் காசு கொடுக்காமல் விருந்தாளியாகத் தங்குவது வேறு. அதற்குத் தடையில்லை. இங்கே நீங்கள் விருந்தாளி இல்லையே.

இனி கணக்குக்கு வருவோம். கணக்கு எளிதாக இருக்க ஒரு சிங்கப்பூர் டாலர் 70 ரூபாய், ஒரு மலேசிய ரிங்கிட் 22 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். அறை வாடகைகளும் நான் உதாரணத்துக்கு எடுத்தவை. உங்கள் தேதிக்குக் கிடைக்கும் விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூர் ஹோட்டல்கள் பலவற்றில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கும். முதலாவது 10 சதவீத சேவைக் கட்டணம். இரண்டாவது, சேவைக் கட்டணமும் சேர்ந்த தொகைக்கு 9 சதவீத ஜிஎஸ்டி. ஆக, 200 டாலர் என்று கண்ணுக்குத் தெரியும் அறை, பில் போடும்போது 239.80 டாலர். ஆறு பேருக்கு மூன்று அறை எடுப்பதைவிட மூவர் தங்கும் குடும்ப அறை இரண்டு எடுப்பது பெரும்பாலும் மலிவு. அம்மா, அப்பா, பேரன் ஓர் அறை. நீங்கள் இருவரும் மகளும் இன்னோர் அறை. அறைக்கு 240 டாலர் என்றால் ஓர் இரவுக்கு 480, நான்கு இரவுக்கு 1,920 டாலர், அதாவது 1,34,400 ரூபாய். உங்கள் ஒன்றரை லட்சம் இதிலேயே ஏறக்குறைய காலி. தலை சுற்றியதில் வியப்பில்லை.

கோலாலம்பூரில் நிலைமை தலைகீழ். மூன்று படுக்கையறை அப்பார்ட்மென்ட் ஓர் இரவுக்கு 400 ரிங்கிட், ஹோட்டலில் ஓர் அறை 220 ரிங்கிட் வீதம் மூன்று அறை என்று வைத்துக்கொள்வோம். வெளிநாட்டவருக்கு மலேசியாவில் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. ஆன்லைன் தளங்கள் வழியாகப் பதியும் வீடுகளுக்கும் 2023 ஜனவரி முதல் அது வந்துவிட்டது.

இங்கேதான் என் யோசனை. விலை அதிகமான ஊரில் ஓர் இரவைக் குறைத்து, விலை குறைந்த ஊரில் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் 3 இரவு, கோலாலம்பூர் 4 இரவு. சிங்கப்பூர் செலவு 1,440 டாலர், 1,00,800 ரூபாய். கோலாலம்பூர் வீட்டுக்கு வாடகை 1,600 ரிங்கிட், துப்புரவுக் கட்டணம், தளத்தின் சேவைக் கட்டணம், வரி எல்லாம் சேர்த்து இன்னொரு 300 என்று தாராளமாகவே போட்டாலும் 1,900 ரிங்கிட், 41,800 ரூபாய். இரண்டும் சேர்ந்து 1,42,600 ரூபாய். பட்ஜெட்டுக்குள் வந்துவிட்டது. இதே நான்கு இரவுக்கு அங்கே மூன்று ஹோட்டல் அறை என்றால் வரியோடு 2,760 ரிங்கிட், 60,720 ரூபாய். வீட்டால் உங்களுக்கு மிச்சம் 19,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. நீங்கள் முதலில் போட்ட நாள் கணக்கில் இரண்டு ஊரிலும் ஹோட்டல் என்று போயிருந்தால் செலவு 1,80,000 ரூபாயைத் தொட்டிருக்கும்.

நண்பர் சொன்ன வீட்டை எடுத்திருந்தால் என் யோசனையின் 1,42,600 ரூபாயைவிடக் கிட்டத்தட்ட 60,000 ரூபாய் குறைந்திருக்கும் என்பது உண்மை. சம்பளக்காரர் குடும்பத்துக்கு அது சின்னத் தொகை இல்லை, உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது. ஆனாலும் அது கைக்கு வரக்கூடிய மிச்சம் இல்லை என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

வேறு சிலர் உங்களிடம் சிங்கப்பூரை ஒட்டிய மலேசிய ஊரான ஜொகூர் பாருவில் வீடு எடுத்துத் தங்கி, பகலில் சிங்கப்பூர் போய் வரலாம் என்று சொல்வார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் வாடகை மலிவுதான். ஆனால் தினமும் இரண்டு முறை இரண்டு நாட்டுக் குடிநுழைவு வரிசையில் நிற்க வேண்டும். 68 வயதுக்காரரை வைத்துக்கொண்டு அது வேண்டாம்.

கோலாலம்பூர் வீட்டைப் பதியும்போது சில விஷயங்களில் கவனம் வேண்டும். துப்புரவுக் கட்டணம் ஓர் இரவு தங்கினாலும் நான்கு இரவு தங்கினாலும் பெரும்பாலும் ஒன்றுதான். அதனால் தங்கும் நாள் கூடக் கூட வீடு மலிவாகும், ஒரே இரவுக்கு ஹோட்டல்தான் லாபம். விலைப் பட்டியலில் முதலில் தெரியும் இரவு வாடகையை வைத்து ஒப்பிடாதீர்கள். பணம் கட்டும் பக்கம் வரை போய் மொத்தத் தொகையைப் பார்த்து, அதை இரவுகளால் வகுத்துக்கொள்ளுங்கள். ஹோட்டலுக்கும் அப்படியே.

அங்கேயும் எல்லாக் கட்டடமும் இதற்கு இடம் கொடுப்பதில்லை. கட்டட நிர்வாகம் தன் விதிகளின் மூலம் குறுகியகால வாடகையைத் தடுக்கலாம் என்று மலேசியக் கூட்டரசு நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. பினாங்குத் தீவிலும் 2023 முதல் கட்டுப்பாடுகள் உண்டு. ஆகவே வீட்டுக்காரரிடம் தளத்தின் மெசேஜ் பகுதியிலேயே, “கட்டட நிர்வாகத்தின் அனுமதி இருக்கிறதா? லாபியில் எங்கள் பெயரைப் பதிந்து வைப்பீர்களா?” என்று எழுதிக் கேளுங்கள். நேரான பதில் வராவிட்டால் அடுத்த வீட்டைப் பாருங்கள். சாவியைப் பெட்டியில் வைத்திருக்கிறேன், பாதுகாவலர் கேட்டால் உறவுக்காரர் என்று சொல்லுங்கள் என்றால் அந்த வீடு வேண்டாம். பணம் முழுவதும் தளத்தின் வழியாகவே போக வேண்டும். வாட்ஸ்அப்பில் வாருங்கள், பத்து சதவீதம் குறைத்துத் தருகிறேன் என்பார்கள். அந்தப் பத்து சதவீதத்துக்காக, தகராறு வந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமையை விட்டுக்கொடுக்காதீர்கள்.

கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதிப் பக்கம் பாருங்கள். கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது, பத்துமலைக்கு அங்கிருந்தே ரயில். நம் சாப்பாட்டுக் கடைகள் நடக்கும் தூரத்தில். ஊருக்கு வெளியே 100 ரிங்கிட் குறைவாக ஒரு வீடு கிடைத்தாலும், ஆறு பேர் ஒன்றாக ஏறப் பெரிய வண்டி வேண்டும். போக வர அந்த வண்டிக்குக் கொடுப்பதிலேயே வாடகையில் மிச்சம் பிடித்தது போய்விடும். இன்னொன்று, மூன்று படுக்கையறை என்று இருக்கும், கழிப்பறை இரண்டுதான் இருக்கும். காலையில் ஆறு பேர். படங்களையும் விவரத்தையும் பார்த்து எண்ணிக்கொள்ளுங்கள்.

சமையல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதில் நான் வெளிப்படையாகப் பேச விரும்புகிறேன். அந்த ஏழு நாளும் யார் சமைப்பார்கள்? உங்கள் மனைவியும் அம்மாவும் என்றால், ஊரில் தினமும் செய்யும் வேலையை விமானம் ஏறிப் போய், தெரியாத அடுப்பில் செய்யப்போகிறார்கள். அவர்கள் உழைப்பைச் செலவுக் கணக்கில் பூஜ்யம் என்று போட்டால்தான் அது மிச்சமாகத் தெரியும். சிங்கப்பூரில் தேக்கா சந்தையிலும் சிராங்கூன் சாலையிலும் இட்லி, தோசை, சாப்பாடு எல்லாம் கிடைக்கும். பல சாப்பாட்டுக் கடைகள் ஒரே கூரையின் கீழ் இருக்கும் உணவங்காடிகளில் ஹோட்டல் உணவகத்தைவிடப் பல மடங்கு மலிவு. சமையலறையால் உண்மையான லாபம் வேறு இடத்தில் இருக்கிறது: காலைக் காபி, பால், பழம், அப்பாவுக்கு நேரம் தவறாமல் இரவுக் கஞ்சி அல்லது கோதுமை ரவை உப்புமா, அவருடைய இன்சுலினோ மருந்தோ வைக்க ஃப்ரிட்ஜ். அதோடு துணி துவைக்கும் இயந்திரம். பயணத்தின் பின்பாதியில் அது கிடைப்பதால் ஆறு பேரும் பாதித் துணியோடு கிளம்பலாம், விமானத்தில் கூடுதல் எடைக்குப் பணம் கட்ட வேண்டாம். இதற்கெல்லாம் கோலாலம்பூரின் நான்கு நாள் போதும். காலைச் சாப்பாடு, அப்பாவின் இரவுச் சாப்பாடு வரை வீட்டில், மற்றதெல்லாம் வெளியில் என்று இப்போதே வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். நீங்களும் அடுப்படிக்குப் போங்கள்.

பணம் கட்டும் முறையிலும் ஓட்டை உண்டு. நம் ஊர் கிரெடிட் கார்டுகள் பலவற்றில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம் வரை கூடுதல் கட்டணம், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. உங்கள் 1,42,600 ரூபாய்க்கு இது மட்டும் கிட்டத்தட்ட 5,900 ரூபாய். இந்தக் கட்டணம் இல்லாத கார்டு அல்லது வெளிநாட்டுப் பணத்தை முன்பே ஏற்றிவைக்கும் ஃபாரெக்ஸ் கார்டு வாங்கிக்கொள்ள இன்னும் நேரம் இருக்கிறது. ஹோட்டலில் கார்டைத் தேய்க்கும்போது ரூபாயில் எடுக்கட்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம், டாலரிலேயே எடுங்கள் என்று சொல்லுங்கள். ரூபாய் என்றால் மாற்று விலையை அவர்கள் இஷ்டத்துக்கு வைப்பார்கள்.

கடைசியாக, எதை முதலில் பதிவது. சிங்கப்பூருக்கு உங்களுக்கு விசா வேண்டும். ஆறு பேரில் ஒருவருக்கு மறுத்தாலும் தாமதமானாலும் திட்டம் மாறும். எனவே இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறையை மட்டும் பதியுங்கள், பணம் திரும்பாத அறை சில ஆயிரம் குறைவாக இருந்தாலும் சரி. அந்த ஹோட்டலுக்கு உரிமம் இருக்கிறதா என்று சிங்கப்பூர் அரசின் ஹோட்டல் உரிம வாரியப் பட்டியலில் பார்த்துக்கொள்ளலாம். பதியும்போது பிள்ளைகளின் வயதை உள்ளபடியே குறிப்பிடுங்கள். பல இடங்களில் 14 வயது மகளைப் பெரியவர் கணக்கில்தான் சேர்ப்பார்கள், மறைத்தால் வரவேற்பு மேசையில் கூடுதல் அறை எடுக்கச் சொல்வார்கள். கோலாலம்பூர் வீட்டையும் ரத்து விதியைப் படித்துவிட்டுப் பதியுங்கள். வீடுகளில் ரத்துக் கெடு பெரும்பாலும் ஹோட்டலைவிட முன்கூட்டியே முடிந்துவிடும். ஆறு விசாவும் கையில் வந்த பிறகு, இரண்டு இடத்திலும் விலை இறங்கியிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். இறங்கியிருந்தால், கெடு முடியும்முன் பழைய பதிவை ரத்து செய்துவிட்டுப் புதிதாகப் பதிந்துகொள்ளலாம்.