மதுரை வெயிலில் கோல்டன் ரெட்ரீவர் நாய் வளர்க்கலாமா, சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குச் சரிப்படுமா?

பிள்ளைகளைப் பொறுத்தவரை தாராளமாகச் சரிப்படும். அதன் குணம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் காரணம் புரியும். ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் குய்சகன் என்ற பண்ணையில், பின்னாளில் ட்வீட்மவுத் பிரபுவான டட்லி மார்ஜோரிபாங்க்ஸ், 1868இல் நௌஸ் என்ற மஞ்சள் ரெட்ரீவரையும் பெல் என்ற ட்வீட் வாட்டர் ஸ்பானியல் இன நாயையும் இணைசேர்த்தார். பிறந்த மஞ்சள் குட்டிகளின் வழியில் வந்ததுதான் இந்த இனம். ரஷ்ய சர்க்கஸ் நாய்களிலிருந்து வந்தது என்று ரொம்ப நாள் ஒரு கதை உலவியது, அவருடைய இனப்பெருக்கப் பதிவேடே அதைப் பொய்யாக்கிவிட்டது.

சுட்டு விழுந்த பறவையைத் தண்ணீரில் நீந்திப் போய், பல் பதியாமல் கவ்வி, எசமானிடம் கொண்டுவந்து கொடுப்பதுதான் இதன் வேலை. மென்மையான வாயும் சொல் கேட்கும் புத்தியும் அதனால்தான். எதையாவது கவ்விக்கொண்டே திரிவதும் அதே பழக்கம்தான், செருப்பைப் பத்திரப்படுத்துங்கள்! காவலுக்குத்தான் வேண்டுமென்றால் நம் பக்கத்து ராஜபாளையமோ சிப்பிப்பாறையோ வாங்குங்கள், இது திருடனிடமும் வாலாட்டும்.

வெயில்தான் எனக்குக் கவலை. இரட்டை அடுக்கு ரோமம், குளிர்நாட்டு உடம்பு. சித்திரையில் பகலில் மொட்டைமாடியில் கட்டிப்போடுவது கொடுமை. விடியற்காலையிலும் இருட்டிய பிறகும் நடத்திக் கூட்டிப் போங்கள், ரோமத்தை மழிக்காமல் தினமும் சீவிவிடுங்கள். அப்புறம், நாள் முழுக்கப் பூட்டிய வீட்டில் தனியாக விடுவதாக இருந்தால் தயவுசெய்து வாங்காதீர்கள், ஆள் இல்லாவிட்டால் இது ஏங்கிப்போகும்.