பி0171 எரர் வந்தால் ஆக்சிஜன் சென்சாரை மாற்றத்தான் வேண்டுமா?

கேட்டவர் காரில் செக் என்ஜின் லைட் எரிகிறது, ஸ்கேனரில் பி0171 வந்திருக்கிறது, ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொல்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள் என்பதுதான் என் பதில். இதே எரருக்கு இதே சென்சாரை மாற்றிக் காசைத் தொலைத்தவன் நான்.

என்னுடையது ஒன்பது வருடப் பழைய பெட்ரோல் வண்டி. சிக்னலில் நிற்கும்போது ஐடிலிங்கில் லேசாக உதறும். ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டுப் பார்த்துவிட்டு, "சென்சார் போயிருச்சு சார்" என்றார்கள். மாற்றி, எரரை அழித்ததும் லைட் அணைந்தது. நான்காம் நாள் திரும்ப எரிந்தது. உதறல் நிற்கவே இல்லை, அது வேறு விஷயம்.

பி0171 சொல்வது ஒன்றே ஒன்று: என்ஜினுக்குப் போகும் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் கம்மி. புகையில் ஆக்சிஜன் மிச்சம் இருப்பதைப் பார்த்து ஆக்சிஜன் சென்சார் அதை ஈசியூவுக்கு (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) தெரிவிக்கிறது. தகவல் சொன்னவன் தலையிலேயே பழியைப் போட்டுவிடுகிறோம். தகவல் வந்ததும் ஈசியூ, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரைக் கூடுதல் நேரம் திறந்து வைத்துச் சமாளிக்கிறது. எத்தனை சதவீதம் கூட்டியது என்பதுதான் ஃபியூயல் டிரிம். கூட்டியோ குறைத்தோ 10 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. 25 வாக்கில் போய் நின்றுவிட்டால் லைட்டைப் போட்டுவிடும்.

ஃபியூயல் டிரிமை நீங்களே பார்க்கலாம். ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் செருகும் 16 பின் ஓ.பி.டி. சாக்கெட் இருக்கும். அதில் செருகும் புளூடூத் அடாப்டர் ஒன்றும், போனில் ஒரு ஆப்பும் போதும். நான் அப்படித்தான் பார்த்தேன். என்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஐடிலிங்கில் லாங் டெர்ம் டிரிம் (ஈசியூ நாளடைவில் பழகி வைத்திருக்கும் அளவு) 24 சதவீதம். ஆக்சிலரேட்டரை மிதித்து 2500 ஆர்பிஎம்மில் பிடித்தால், ஷார்ட் டெர்ம் டிரிம்மையும் (அந்தந்த நொடியில் மாற்றுவது) சேர்த்துக் கூட்டியது மொத்தம் 6 தான். அங்கேயே குட்டு உடைந்துவிட்டது. என் வண்டியில் காற்றை அளப்பது மாஃப் சென்சார். அதைத் தாண்டி எங்கேயாவது ஓட்டை இருந்தால், அளவில் சேராத காற்று உள்ளே புகுந்துவிடும். ஐடிலிங்கில் என்ஜின் உறிஞ்சும் காற்றே குறைவு என்பதால் அந்தத் திருட்டுக் காற்று பெரிய பங்கு. ரேஸ் செய்தால் உள்ளே போகும் காற்று கூடி, அது ஒன்றுமில்லாமல் ஆகிவிடும்.

அரை மீட்டர் ரப்பர் டியூப் ஒன்றை எடுத்து, ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு மறுமுனையை என்ஜின் மேலே மெதுவாக நகர்த்தினேன் (ஃபேன், பெல்ட் பக்கம் கையைக் கொண்டுபோகாதீர்கள்). இன்டேக் மேனிஃபோல்டுக்கு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்) போகும் பிசிவி ஓஸ் (என்ஜினுக்குள் சேரும் வாயுவைத் திரும்ப உள்ளே அனுப்பும் ரப்பர் குழாய்) வளையும் இடத்தில் "ஸ்ஸ்ஸ்" என்று சத்தம். ஓஸின் அடிப்பக்கத்தில், மேலிருந்து பார்த்தால் தெரியாத மாதிரி, நகம் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. விரலால் பொத்தினேன், உதறல் நின்றது. ஓஸ் விலை, சென்சார் விலையின் பக்கத்தில்கூட வராது.

உங்கள் வண்டியில் இதற்கு நேர்மாறாக, ஐடிலிங்கில் சாதாரணமாக இருந்து, மேடு ஏறும்போது டிரிம் கூடுகிறதா? அப்படியென்றால் ஓஸைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். மாஃப் சென்சாரில் தூசி படிந்திருக்கலாம், அதற்கென்றே கிளீனர் ஸ்பிரே கிடைக்கிறது. இல்லாவிட்டால் பெட்ரோல் பம்ப் பிரஷரைப் பார்க்கச் சொல்லுங்கள். மாஃப் இல்லாமல், மேனிஃபோல்டு அழுத்தத்தை வைத்துக் காற்றைக் கணக்கிடும் மேப் சென்சார் மட்டும் உள்ள வண்டிகளில் இந்தக் கணக்கு இப்படியே பொருந்தாது. அதில் ஓட்டை இருந்தால் பெரும்பாலும் ஐடிலிங் ஏறிவிடும்.

அப்புறம் ஒன்று. எரரை அழிக்கும் முன் ஃப்ரீஸ் ஃப்ரேமை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எரர் விழுந்த நொடியில் ஆர்பிஎம், வேகம், சூடு எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும், எரரோடு சேர்ந்து அதுவும் அழிந்துவிடும். லைட் மினுக்காமல் நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டிப்போய்ப் பார்த்துக்கொள்ளலாம். மினுக்க ஆரம்பித்தால் மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதைக் காலி செய்துவிடும், ஓரம் கட்டிவிடுங்கள்.