கப்பலில சித்தாலேப பூசினவ, கன்ரீனில தனி மேசை

வணக்கம் அண்ணா,

நாங்கள் யாழ்ப்பாணக் கம்பஸ் கடைசி வருஷம். எங்கட பட்ச் தஞ்சாவூருக்கு ரிப் போனது, காங்கேசன்துறையில கப்பல் ஏறி நாகப்பட்டினம், அங்கயிருந்து பஸ். குருநாகல் பக்கத்துச் சிங்களப் பிள்ளை ஒராளும் வந்தவ. இவ்வளவு காலமும் ஒரே லெக்சருக்கு இருந்தும் ஹாய் பாய்க்கு மேல கதைச்சதில்லை. கப்பலில எனக்குச் சத்தி எண்டாச் சத்தி, அவதான் பக்கத்தில இருந்து நெத்தியில சித்தாலேப பூசி, பையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தவ. தஞ்சாவூரில அவவுக்குப் பாஷை விளங்காது, கடை, ஓட்டோ எல்லாத்துக்கும் நான்தான். என்ர தமிழைக் கேட்டிட்டு "கேரளாவா?" எண்டு கேக்கிறவைக்கு ரெண்டு பேரும் ஒண்டா "ஸ்ரீலங்கா" எண்டுவம். ராவில விடிய விடிய எங்களுக்குத் தெரிஞ்ச அரைகுறை இங்கிலிசில கதை. வீட்டில வாயே திறக்காத நான் அங்க ஓட்டோக்காரரோட பேரம் பேசினனான். திரும்பி வந்து ரெண்டு கிழமையாகேல்ல, அவை அவையின்ர மேசை, நாங்கள் எங்கட மேசை. கண்டாச் சிரிக்கிறா, அவ்வளவுதான். அப்ப அங்க இருந்தது பொய்யா?

இன்னொண்டு. பெரிய கோயிலில நிக்கேக்க அவ, "இதைக் கட்டின ராஜாதானே எங்கட அநுராதபுரத்தை உடைச்சது?" எண்டு கேட்டவ. என்ன சொல்லுறதெண்டு தெரியாம ஐஸ்கிரீம் வாங்கப் போட்டம். அது மனசுக்குள்ள கிடந்து அரிக்குது.

ஒரு வாசகி, கரவெட்டி

அன்புள்ள தங்கச்சி,

பொய் இல்லை. நாலு மணித்தியாலம் கடலில தலை சுத்திக் கிடக்கேக்க பையைப் பிடிக்கிறதை ஆரும் நடிச்சுச் செய்யேலாது. ரிப்பில ஆளுக்காள் தேவைப்படுது, வீடும் இல்லை ஊரும் இல்லை, ஆர் பாக்கினம் எண்ட பயமும் இல்லை, அதால ஒட்டுறம். திரும்பி வர அந்தத் தேவை போயிடுது. இதில பெரிய மர்மம் ஒண்டும் இல்லை.

ஆனா உங்கட கடிதத்தில ஒரு வரி எனக்குக் குத்தினது. தஞ்சாவூரில அவவுக்குப் பாஷை விளங்காது எண்டு எழுதியிருக்கிறீங்கள். எங்கட யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில மட்டும் விளங்கினதோ? இவ்வளவு காலமும் அந்தப் பிள்ளை இஞ்சதான் ரூம் எடுத்து இருந்திருக்கிறா, கீரைப்பிடி என்ன விலை எண்டு கையைக் காட்டிக் கேட்டிருப்பா, பஸ்ஸில கொண்டக்டர் என்னவோ சொல்ல முழிச்சுக்கொண்டு நிண்டிருப்பா, அப்ப அது உங்கட கண்ணில படேல்ல, நீங்களும் வெளியாளாப் போய் ஒரு ஊரில நிக்கேக்கதான் பட்டிருக்கு. உங்களைக் குற்றம் சொல்லேல்ல, எங்கட பக்கம் முக்காவாசிப் பேர் அப்பிடித்தான். 2016இல கம்பஸில வரவேற்பு விழாவில கண்டி நடனம் ஆடுறதில தொடங்கின அடிபாட்டுக்குப் பிறகு ரெண்டு பக்கமும் ஒதுங்கி இருக்கிறதே மரியாதை எண்டு பழகிப்போச்சு. பேரம் பேசினது நல்ல விஷயம்தான், அம்மாட்டையும் சொல்லுங்கோ. ஆனா பின்னால உங்களை நம்பி ஒருத்தி நிண்டபடியாத்தான் அந்த வாய் திறந்தது எண்டு நினைக்கிறன், தனியப் போயிருந்தாக் கேட்ட காசைக் குடுத்திட்டு இறங்கியிருப்பீங்கள்.

இனி அந்த ஐஸ்கிரீம் கதை. கன்ரீனில மேசை பிரிஞ்சது திரும்பி வந்தாப் பிறகு எண்டு நீங்கள் நினைக்கிறீங்கள், எனக்கெண்டா அது கோயில் வாசலிலயே தொடங்கீட்டுது போலக் கிடக்கு. அவ சண்டைக்குக் கேக்கேல்ல. சண்டை வேணுமெண்டாப் பேஸ்புக்கில போட்டிருப்பா. 216 அடி விமானத்தை நீங்கள் எல்லாரும் வாயைப் பிளந்து பாத்துக்கொண்டு நிக்கேக்க அவவுக்குப் பள்ளிக்கூடப் புத்தகம் ஞாபகம் வந்திருக்கும், பாவம், கூடப் படிக்கிறவள்தானே எண்டு உங்களிட்டக் கேட்டா. அதுக்கு "ஓம்" எண்டுதான் சொல்லியிருக்க வேணும். 993இல ராஜராஜன்ர படை வந்தது, அநுராதபுரம் விழுந்தது, தலைநகரம் பொலனறுவைக்குப் போனது. 1010இல முடிஞ்ச அந்தக் கோயிலின்ர செலவுக்கு ஈழத்து ஊர்களையும் எழுதிக் குடுத்ததாக் கல்வெட்டே இருக்கு, அப்ப நீங்கள் நிண்ட இடத்துக்கு அவவின்ர ஊர்ப்பக்கத்து நெல்லும் போயிருக்கலாம். எங்களுக்கு அது பெருமைக் கதை, அவைக்கு அது அழிவுக் கதை, ரெண்டும் ஒரே ஆள்தான். அதே ராஜா நாகப்பட்டினத்துப் புத்த விகாரைக்கு ஆனைமங்கலம் எண்ட ஊரையும் குடுத்தவர். இதைச் சொல்லி அதை அழிக்கச் சொல்லேல்ல, சேர்த்துச் சொல்லுங்கோ எண்டுறன். வந்து இவ்வளவு நாளாச்சே, இனிச் சொல்லி என்ன எண்டு யோசிக்காதேங்கோ, "அண்டைக்கு நீ கேட்டதுக்கு நான் பதில் சொல்லேல்ல" எண்டு தொடங்கினாக் காணும்.

அதோட இன்னொரு வேலையும் செய்யுங்கோ. அடுத்த லீவுக்கு அவவின்ர வீட்டுக்குப் போங்கோ. யாழ்தேவி குருநாகலில நிக்கும், வழியில அநுராதபுரம் வேற வருது, ரெண்டு பேருமா இறங்கி அவ காட்டட்டும், நீங்கள் பாருங்கோ. தஞ்சாவூரில நீங்கள் தெரிஞ்ச ஆள், அதில ஒரு சுகம் இருக்கு, நானும் அறிவன். குருநாகலில அவவின்ர அம்மா என்னவோ கேக்க நீங்கள் பே எண்டு முழிக்க வேணும், கறியில உறைப்புக் காணாது எண்டதைச் சொல்லத் தெரியாமச் சாப்பிட வேணும், கடைக்குப் போறதெண்டா அவவின்ர தம்பியைக் கூட்டிக்கொண்டு போக வேணும். இதுவரைக்கும் அந்தப் பக்கத்தில நிண்டது அவ மட்டும்தான். வீட்டில விடமாட்டினம் எண்டுவீங்கள். கடல் தாண்டி விட்டவை, ரெயினுக்கு விடமாட்டினமோ?

கூட்டாளியள் நக்கலடிப்பினம், அடிக்கட்டும்.

அந்த நாகப்பட்டினத்து விகாரையை ஏன் காணேல்ல எண்டு அவ கேப்பா, அதையும் எழுதிவிடுறன். கடைசியா மிஞ்சின செங்கல் கோபுரத்தையும் 1867இல யேசுசபைக் குருமார் இடிச்சுப்போட்டினம், அந்த ஊரில எடுத்த புத்தர் வெண்கலச் சிலையள் கனக்க இப்ப சென்னை எழும்பூர் மியூசியத்தில இருக்கு. அடுத்த முறை கப்பலுக்குப் பதிலாப் பலாலியில பிளேன் ஏறினீங்கள் எண்டா ரெண்டு பேருமாப் போய்ப் பாக்கலாம், சத்தி வாற வில்லங்கமும் குறைவு.