காவல்துறைக்கு மட்டும் ஒரு சாவி

அன்புள்ள ஆசிரியருக்கு,

வாட்ஸப் போன்ற செயலிகளின் மறையாக்கத்தில் (பிறர் படிக்க முடியாதபடி செய்தியைப் பூட்டும் 'என்கிரிப்ஷன்') அரசு கைவைக்கக் கூடாது என்று தொடர்ந்து எழுதிவருகிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. குழந்தைகளைச் சீரழிக்கும் படங்களைப் பரப்புகிறவர்களும் பணமோசடிக் கும்பல்களும் இதே மறையாக்கத்துக்குப் பின்னால்தானே ஒளிகிறார்கள்? நீதிமன்ற ஆணையோடு வரும் காவல்துறைக்கு மட்டும் ஒரு சாவி இருந்தால் என்ன கெட்டுவிடும்? மறைக்க ஏதுமில்லாத என்னைப் போன்றவர்களுக்கு அதில் என்ன நஷ்டம்? பிரிட்டனில் ஆப்பிள் அந்நாட்டு அரசோடு மோதியபோதும் நீங்கள் ஆப்பிள் பக்கமே நின்றீர்கள். ஒரு பெருநிறுவனத்தை நம்புவதைவிட தேர்ந்தெடுக்கப்பட்ட அரசை நம்பலாமே? இன்னொன்று. இவ்வளவு பேசும் நீங்கள், சாதாரண ஆள் தன் கைப்பேசியில் என்ன செய்துகொள்ள வேண்டும் என்று ஒருமுறைகூட எழுதியதில்லை.

கே.

அன்புள்ள கே.,

குழந்தைகளைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. அதைத் தட்டிக்கழித்துவிட்டு இந்த விவாதத்தை நடத்தக் கூடாது. நீங்கள் கேட்கும் சாவி எப்படிப்பட்டது என்று பார்த்துவிட்டு அதற்கு வருகிறேன்.

சிக்னல் என்ற செய்திச் செயலியும் வாட்ஸப்பும் ஒரே மறையாக்க நெறிமுறையில் இயங்குகின்றன. செய்தியைப் பூட்டும் சாவி உங்கள் கைப்பேசியிலும் எதிர்முனையில் இருப்பவரின் கைப்பேசியிலும்தான் உருவாகிறது. ஒவ்வொரு செய்திக்கும் புதுச் சாவி; வேலை முடிந்ததும் பழையது அழிந்துவிடும். நடுவில் இருக்கும் சர்வர் பூட்டிய பொட்டலத்தை வாங்கி உரியவரிடம் சேர்க்கிறது, அவ்வளவுதான். 2016இல் அமெரிக்க நீதித்துறை ஒரு விசாரணைக்காகச் சிக்னலிடம் பயனர் விவரங்களைக் கேட்டது. அவர்களால் கொடுக்க முடிந்தவை இரண்டே: கணக்கு தொடங்கிய நேரம், கடைசியாகச் சர்வரோடு தொடர்புகொண்ட நாள். வேறெதுவும் அவர்கள் கையில் இல்லை.

ஆகவே நீங்கள் கேட்கும் சாவி இன்று எங்குமே கிடையாது. அது வேண்டுமென்றால் எல்லோருடைய பூட்டையும் மாற்ற வேண்டும். அதற்கு இதுவரை மூன்று வழிகளைச் சொல்லியிருக்கிறார்கள். எல்லாச் சாவிகளுக்கும் நகல் எடுத்து ஓரிடத்தில் வைப்பது ஒன்று. உரையாடலில் மூன்றாவது ஆளாகக் காவல்துறையைச் சத்தமில்லாமல் சேர்த்துவிடுவது இன்னொன்று. 2018இல் பிரிட்டனின் ஜிசிஹெச்க்யூ உளவு அமைப்பின் அதிகாரிகள் இதை எழுதியே முன்வைத்தார்கள். செய்தி பூட்டப்படும் முன் கைப்பேசிக்குள்ளேயே அதைச் சோதிப்பது மூன்றாவது.

முதல் வழியை அமெரிக்கா 1993இல் முயன்றது. தொலைபேசிகளில் வைக்க 'கிளிப்பர்' என்றொரு சில்லு. அதன் சாவியை இரண்டாகப் பிரித்து இரண்டு அரசு அமைப்புகளிடம் வைப்பது ஏற்பாடு. 1994இல் மேட் பிளேஸ் என்ற ஆய்வாளர் அதில் ஓட்டையைக் காட்டினார். அரசு சாவியைத் தேடி எடுக்க உதவும் தகவல் துண்டைச் சரிபார்க்க வெறும் 16 பிட் சரிபார்ப்பு எண்தான் இருந்தது. 65,536 வாய்ப்புகள், கணினி முட்டிமோதிப் போலித் துண்டு ஒன்றைச் செய்துவிடும். மறையாக்கம் வேலை செய்யும், அரசால் மட்டும் படிக்க முடியாது. விவரம் தெரிந்த குற்றவாளி தப்பிவிடுவான், விதிப்படி நடப்பவர் மட்டும் திறந்து கிடப்பார். ஓரிரு ஆண்டுகளில் திட்டம் செத்தது.

'நீதிமன்ற ஆணையோடு வருபவருக்கு மட்டும்' என்கிறீர்கள். ஏதென்ஸில் நடந்ததைப் பாருங்கள். கிரீஸ் வோடஃபோன் வைத்திருந்த, எரிக்சன் தயாரித்த தொலைபேசி இணைப்பகங்களில், சட்டப்படி ஒட்டுக்கேட்பதற்கான மென்பொருள் ஒரு புதுப்பிப்போடு வந்து இறங்கியிருந்தது. அதை இயக்கி மேற்பார்வை செய்யும் பகுதியை நிறுவனம் வாங்கவில்லை. ஆகவே யார் எண் ஒட்டுக்கேட்கப்படுகிறது என்று பார்க்க அங்கே திரையும் இல்லை, பதிவேடும் இல்லை. 2004 ஒலிம்பிக் சமயத்தில் யாரோ உள்ளே நுழைந்து, இயங்கிக்கொண்டிருந்த இணைப்பகத்தின் நினைவகத்தில் தங்கள் நிரலைச் செருகி, தூங்கிக்கிடந்த அந்த வசதியை எழுப்பினார்கள். பிரதமர், அமைச்சர்கள், அதிகாரிகள் என்று நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் அழைப்புகள் சில ப்ரீபெய்டு எண்களுக்கும் நகலாகப் போயின. குறுஞ்செய்திகள் போய்ச்சேராமல் தடுமாறியதால் 2005 தொடக்கத்தில்தான் குட்டு வெளிப்பட்டது. ஒலிம்பிக்கிலிருந்து அதுவரை எந்த எச்சரிக்கை மணியும் அடிக்கவில்லை. சட்டப்படி ஒட்டுக்கேட்பதற்கென்று வைத்த பின்வாசல் அது, நுழைந்தவரிடம் ஆணை ஏதுமில்லை. ஆணை என்பது காகிதம். அதைக் கேட்டுப் பார்த்துத் திறக்கும் அறிவு மென்பொருளுக்குக் கிடையாது. சரியான கட்டளை வந்தால் திறந்துவிடும்.

இருபது ஆண்டுகள் கழித்து அதே கதை இன்னும் பெரிதாக நடந்தது. அமெரிக்காவில் 1994இல் வந்த கலியா சட்டம், தொலைபேசி நிறுவனங்கள் ஒட்டுக்கேட்பு வசதியோடுதான் வலையமைப்பைக் கட்ட வேண்டும் என்றது. 2024இல், சீன அரசோடு தொடர்புடையதாக அமெரிக்கா சொல்லும் 'சால்ட் டைஃபூன்' குழு ஏடி அண்ட் டி, வெரைசன் உள்ளிட்ட நிறுவனங்களுக்குள் புகுந்து, அந்த ஒட்டுக்கேட்பு அமைப்புகள் வரை போனது. அந்த டிசம்பரில் அமெரிக்க இணையப் பாதுகாப்பு முகமையான சிசா வெளியிட்ட வழிகாட்டி, முக்கியப் பொறுப்பில் இருப்பவர்கள் முழுமறையாக்கம் (இரு முனைகளில் மட்டுமே திறக்கும் பூட்டு) உள்ள செயலிகளை மட்டுமே பயன்படுத்துமாறு சொன்னது. மறையாக்கம் தங்கள் விசாரணைகளைக் குருடாக்குகிறது என்று பல ஆண்டுகளாக வாதாடிய எஃப்பிஐயின் அதிகாரிகளும் அந்த வாரங்களில் அதையே பரிந்துரைத்தார்கள். இந்த ஒரு நிகழ்வே உங்கள் கேள்விக்குப் போதுமான பதில் என்று நினைக்கிறேன்.

பிரிட்டன் விவகாரத்தில் நான் ஆப்பிளை நம்பச் சொல்லவில்லை. ஐஃபோனில் இருப்பதை ஆப்பிளின் சர்வரில் நகலெடுத்து வைக்கும் ஐகிளவுட் பேக்கப்பின் சாவி சாதாரணமாக ஆப்பிளிடமே இருக்கும். அரசு ஆணை வந்தால் கொடுத்துவிடும். 'அட்வான்ஸ்டு டேட்டா ப்ரொடெக்‌ஷன்' என்ற வசதியை இயக்கினால் சாவி உங்களிடம் மட்டும் இருக்கும். அதைத் திறக்க வழி செய்யும்படி 2016ஆம் ஆண்டின் விசாரணை அதிகாரச் சட்டப்படி பிரிட்டன் ரகசிய ஆணை அனுப்பியது. அப்படியோர் ஆணை வந்தது என்று வெளியே சொல்வதே சட்டவிரோதம். 2025 பிப்ரவரியில் வாஷிங்டன் போஸ்ட் எழுதியதால்தான் உலகத்துக்குத் தெரிந்தது. அதே மாதம் ஆப்பிள் அந்த வசதியைப் பிரிட்டனில் விலக்கிக்கொண்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு என்கிறீர்கள். வாக்காளருக்கே தெரியக் கூடாத ஆணையை அவர் எந்தத் தேர்தலில் எடைபோடுவது? ஆட்சி மாறும், கட்டிய பின்வாசல் அப்படியே அடுத்தவர் கைக்குப் போகும். எனக்கு வேண்டியது நிறுவனத்தையும் நம்பத் தேவையில்லாத, அரசையும் நம்பத் தேவையில்லாத ஏற்பாடு.

அதனால்தான் 2021 ஆகஸ்ட்டில் ஆப்பிளே கைப்பேசிக்குள் படங்களைச் சோதிக்கப்போவதாக அறிவித்தபோது, இன்று ஆப்பிளுக்காகப் பேசுகிறவர்கள் பலர் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். உங்கள் கவலையோடு நேரடியாகத் தொடர்புள்ள வழி இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். அறியப்பட்ட குற்றப் படங்களுக்கு 'நியூரல்ஹாஷ்' என்ற கைரேகை எண் போடுவார்கள்; உங்கள் படங்களின் எண் அந்தப் பட்டியலோடு ஒத்துப்போனால், ஏறத்தாழ 30 படங்களுக்குப் பிறகு நிறுவனம் பார்க்கும். அறிவித்த இரண்டே வாரத்தில் வெளியாட்கள் அந்த நிரலை ஐஃபோனிலிருந்து பிரித்தெடுத்து, தொடர்பேயில்லாத இரு படங்களுக்கு ஒரே எண் வரவைத்துக் காட்டினார்கள். பட்டியலில் என்ன இருக்கிறது என்று வெளியார் தணிக்கை செய்யவும் முடியாது, அந்தப் படங்களைப் பார்ப்பதே குற்றம். இன்று குற்றப் படம் இருக்கும் இடத்தில் நாளை ஒரு போராட்டத் துண்டறிக்கையைச் சேர்த்தால் நிரலுக்கு வித்தியாசம் தெரியாது. ஆப்பிள் 2022 டிசம்பரில் திட்டத்தைக் கைவிட்டது.

ஐரோப்பிய ஒன்றியம் 2022 மே மாதம் முன்வைத்த சட்ட வரைவு, ஏற்கெனவே தெரிந்த படங்களோடு நிற்காமல், புதிய படங்களையும் சிறாரை மயக்கும் பேச்சையும் கண்டுபிடிக்கச் சொன்னது. கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளொன்றுக்கு 100 கோடி படங்கள் போகும் சேவையில், ஆயிரத்துக்கு ஒன்று மட்டும் தவறாகப் பிடிக்கும் நல்ல நிரல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தினமும் 10 லட்சம் அப்பாவிப் படங்கள் யாரோ ஒருவர் மேசையில் வந்து குவியும். உண்மையான குழந்தையின் வழக்கு அந்தக் குவியலுக்கு அடியில் கிடக்கும். சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு தந்தை, மருத்துவருக்கு அனுப்புவதற்காக மகனின் வீக்கத்தைப் படமெடுத்தார். கூகுளின் சோதனை அதைக் குற்றமாகக் குறித்தது. காவல்துறை விசாரித்துக் குற்றமேதுமில்லை என்று சொன்ன பிறகும் அவருடைய கணக்கு திரும்பக் கிடைக்கவில்லை. மறைக்க ஏதுமில்லாதவர்தான் அவரும்.

மறையாக்கம் சில விசாரணைகளைத் தாமதமாக்கும், உண்மை. ஆனால் காவல்துறை கைகட்டி நிற்கவில்லை. 2020இல் எங்க்ரோசாட் என்ற குற்றக் கும்பல்களின் கைப்பேசிச் சேவைக்குள் பிரெஞ்சு, டச்சு காவல்துறையினர் ஊடுருவினார்கள். 2021இல் எஃப்பிஐயே மறைவாக நடத்திய ஏனோம் கைப்பேசிகளால் உலகெங்கும் 800க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். குறிப்பிட்ட கும்பலைக் குறிவைத்து நடந்த வேலைகள் இவை. அவற்றிலும் கேள்விகள் உண்டு, ஆனால் எல்லோர் பூட்டையும் அவை உடைக்கவில்லை. வாட்ஸப்பில் யாராவது குழந்தையிடம் தவறாகப் பேசினால் அந்த உரையாடலில் 'ரிப்போர்ட்' அழுத்துங்கள். அந்த நபர் அனுப்பிய கடைசி ஐந்து செய்திகள் உங்கள் கைப்பேசியிலிருந்து நிறுவனத்துக்குப் போகும், மறையாக்கத்துக்குச் சேதமில்லை. 'பிளாக்' செய்து உரையாடலை அழித்துவிடாதீர்கள். முதலில் திரைப்பிடிப்பு, பிறகு ரிப்போர்ட், அதன் பிறகு பிளாக். பலர் ஆத்திரத்தில் வரிசையை மாற்றிச் சாட்சியத்தைத் தொலைத்துவிடுகிறார்கள்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி.

பெரும்பாலானோரின் செய்திகள் கசிவது மறையாக்கம் உடைந்ததால் அல்ல, பேக்கப் வழியாகத்தான். வாட்ஸப்பில் செட்டிங்ஸ், சாட்ஸ், சாட் பேக்கப் போய், 'எண்ட்-டு-எண்ட் என்கிரிப்டட் பேக்கப்' என்பதை இயக்குங்கள். கடவுச்சொல் கேட்கும், வேண்டுமானால் 64 இலக்கச் சாவியும் எடுத்துக்கொள்ளலாம். அதைத் தாளில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். மறந்துவிட்டால் பேக்கப்பை வாட்ஸப்பாலும் மீட்க முடியாது, கூகுளாலும் முடியாது. ஐஃபோன் வைத்திருப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். முழுக் கைப்பேசிக்கும் ஐகிளவுட் பேக்கப் இயங்கிக்கொண்டிருந்தால், அதிலும் உங்கள் உரையாடல்களின் பிரதி ஒன்று போகிறது. ஐகிளவுட் பேக்கப் பட்டியலில் வாட்ஸப்பை அணைத்துவிடுங்கள், அல்லது முன்பு சொன்ன ஆப்பிள் வசதியை இயக்குங்கள். எதிர்முனையில் இருப்பவர் இதைச் செய்யாவிட்டால் உங்கள் செய்தி அவருடைய பேக்கப்பில் திறந்தே கிடக்கும். முக்கியமான பேச்சுகளுக்குத் தானாக அழியும் செய்திகளை ('டிஸப்பியரிங் மெசேஜஸ்') 24 மணி நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். திரைப்பிடிப்பை அது தடுக்காது.

அடுத்தது 'லிங்க்டு டிவைசஸ்'. உங்கள் கைப்பேசி ஐந்து நிமிடம் ஒருவர் கையில் கிடைத்தால், தன் கணினியை அதோடு இணைத்துவிட்டு வாரக்கணக்கில் படிக்கலாம். அந்தப் பட்டியலை மாதம் ஒருமுறை பாருங்கள், தெரியாத சாதனத்தை நீக்குங்கள். குழுவில் சேரச் சொல்லி வரும் கியூஆர் குறியைச் செயலிக்குள் ஸ்கேன் செய்யாதீர்கள். உக்ரைன் வீரர்களின் சிக்னல் கணக்குகளை ரஷ்யச் சார்புக் குழுக்கள் இந்த வழியில் இணைத்துக்கொள்ள முயன்றதாக 2025 பிப்ரவரியில் கூகுள் வெளியிட்டது. வாட்ஸப்பின் இரட்டைச் சரிபார்ப்பில் ('டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன்') ஆறு இலக்கப் பின் எண் வையுங்கள், மீட்பு மின்னஞ்சலையும் சேர்த்தே வையுங்கள். மின்னஞ்சல் இல்லாமல் பின்னை மறந்தால் ஏழு நாள் காத்திருக்க வேண்டியிருக்கும்.

டெலிகிராமைப் பாதுகாப்பானது என்று நம்புகிறவர்கள் ஏராளம். அதன் சாதாரண உரையாடல்களில் முழுமறையாக்கம் இல்லை, எந்தக் குழுவிலும் இல்லை. இருவருக்கு இடையிலான 'சீக்ரெட் சாட்' மட்டுமே அப்படி; அதையும் ஒவ்வொருவரோடும் தனியாகத் தொடங்க வேண்டும்.

எல்லைச் சோதனை, கைது போன்ற சூழல் வரக்கூடும் என்றால் கைப்பேசியை முன்கூட்டியே அணைத்துவிடுங்கள். மறுபடி இயக்கிக் கடவுச்சொல் போடும்வரை உள்ளே இருக்கும் தரவின் சாவிகள் நினைவகத்தில் இருக்காது, விரலை வைத்தாலும் திறக்காது. வெறுமனே பூட்டிய கைப்பேசிக்கு இந்தப் பலம் கிடையாது. நான்கு இலக்கப் பின்னை விட்டு, எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட கடவுச்சொல்லுக்கு மாறுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும், யாரோடு எப்போது தொடர்புகொண்டீர்கள் என்ற விவரம் வாட்ஸப் நிறுவனத்தின் பார்வைக்குக் கிடைக்கும். அது உங்களுக்கு உறுத்தினால் சிக்னலுக்கு வாருங்கள். அங்கே செட்டிங்ஸ், பிரைவசி, ஃபோன் நம்பர் போய், எண்ணை யார் பார்க்கலாம், எண்ணை வைத்து உங்களை யார் தேடலாம் ஆகிய இரண்டையும் 'நோபடி' என்று மாற்றி, ஒரு பயனர்பெயர் வைத்துக்கொள்ளுங்கள். தேடலை அடைத்துவிட்டால் நண்பர்களுக்கும் நீங்கள் தட்டுப்பட மாட்டீர்கள். பயனர்பெயரை அவர்களிடம் நீங்களேதான் கொடுக்க வேண்டியிருக்கும்.